வீட்டைவிடப் பெரிய கராஜ்: திருகோணமலையில் ஒரு பிளான் பாஸான விதம்

வீடு 1,350 சதுர அடி, ஒற்றை மாடி. அதன் பின்வளவில் கட்டக் கேட்ட கராஜ் 2,400 சதுர அடி. இந்த இரண்டு எண்ணையும் கேட்ட உடனேயே பாதிப் பேர் "இது பாஸாகாது" என்று முடிவு கட்டிவிட்டார்கள், மீதிப் பேர் "ஆளைப் பிடித்தால் பாஸாகும்" என்றார்கள். இரண்டும் நடக்கவில்லை. அனுமதி கிடைத்தது, முதலில் கேட்ட கட்டடத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை. வாகனம் வைத்திருக்கிற பலர் இதே கேள்வியோடு என்னிடம் வருவதால், இந்தக் கோப்பு எங்கே இறுகியது, எதைத் தொட்டபோது இளகியது என்று விரிவாகவே எழுதி வைக்கிறேன். நான் வீட்டுப் பிளான் வரைகிறவன். முதல் பிளானை வரைந்தவர் வேறொருவர். உள்ளூராட்சி சபையிலிருந்து அது திரும்பி வந்த பிறகுதான் கோப்பு என் மேசைக்கு வந்தது. காணி எந்த ஒழுங்கையில் என்று சொல்லப் போவதில்லை, நகரத்தை ஒட்டிய, மணல் நிலமான ஒரு குடியிருப்புப் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காணிக்காரர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்குகிற ஐயா. அவரிடம் ஒரு ரோசா பஸ் இருக்கிறது, கதிர்காமத்துக்கும் மடுவுக்கும் ஆட்களை ஏற்றிப் போகிற ஹயர் வண்டி. ஒரு ஹைஏஸ் வேன், ட்ரெய்லரில் ஏற்றிய ஒரு ஃபைபர் படகு, அது போக எப்போதோ விற்றிருக்க வேண்டிய ஒரு லாண்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு இயந்திரம். இவ்வளவும் தகரக் கொட்டில் ஒன்றின் கீழ் பாதி நனைந்தும் பாதி நனையாமலும் நின்றன. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி நமக்குக் கொஞ்சம் வடக்கே கரையேறியபோது அந்தக் கொட்டிலின் தகரங்கள் பக்கத்து வளவுக்குள் போய் விழுந்தன. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் பக்கத்து வீட்டு அக்கா அதை மறக்கவில்லை. பிற்பாடு இது கோப்புக்குள்ளும் வந்தது.

கடலோரத்தில் வாகனத்தை வெளியே விட்டு வைப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கச்சான் காற்றுக் காலத்தில் மணல் அடிக்கும், மாரியில் உப்பும் மழையும் சேர்ந்து அடிக்கும். பஸ்ஸின் அடிப்பக்கத் தகடு ஆறேழு வருடத்தில் விரலால் குத்தினால் உதிர்கிற நிலைக்கு வந்துவிடும். ஆகவே ஐயாவின் தேவை நியாயமானது. கேள்வி அளவைப் பற்றியது என்றுதான் அவரும் நினைத்தார், முதல் பிளான் வரைந்தவரும் நினைத்தார்.

காணி 66 அடி அகலம், 132 அடி நீளம், அதாவது 8,712 சதுர அடி, சரியாக 32 பேர்ச். வீடும் கேட்ட கராஜும் சேர்ந்து 3,750 சதுர அடி. நிலத்தில் நூற்றுக்கு 43 பங்கு. 2021 ஜூலையில் 2235/54ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள்தான் இன்றைக்குக் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய புத்தகம். அதன்படி இப்படியான தாழ்ந்த வீட்டுக் கட்டடத்துக்கு நிலத்தில் 65 வீதம் வரை மூடலாம். ஆக, கராஜ் வீட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாக இருந்தும், நிலம் மூடும் கணக்கில் அது தாராளமாகத் தப்பிவிடுகிறது. ஐயா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "தம்பி, அறுபத்தஞ்சு எண்டு புத்தகத்தில கிடக்கு, நான் கேக்கிறது நாப்பத்தி மூண்டு, பிறகு என்னத்துக்குத் திருப்பி அனுப்பினவங்கள்?"

நல்ல கேள்விதான். பதில் சபை அனுப்பிய கடிதத்திலேயே இருந்தது, ஆனால் அதை அவர் கோபத்தோடு வாசித்திருந்தார். முதல் பிளானில் கராஜ் பின் எல்லை மதிலோடு ஒட்டி நின்றது; சின்ன வீட்டுக் கட்டடங்களுக்கே பின்பக்கம் 2.3 மீற்றர், ஏழரை அடி, வெட்டவெளியாக விட வேண்டும். இது வெறும் அளவுப் பிழை, அரை மணித்தியாலத்தில் திருத்தலாம். அடுத்தது, கூரை விளிம்பு உயரம் 20 அடி. மூன்றாவது, ரோலர் கதவு நான்கு. நான்காவது, தரையில் ஒரு குழி காட்டப்பட்டிருந்தது, வண்டிக்குக் கீழே இறங்கி நின்று வேலை செய்கிற குழி. இவற்றுக்குப் பிறகு, இந்தக் கட்டடத்தின் உத்தேச பயன்பாடு என்ன என்று விளக்கம் தர வேண்டும் என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரிதான் முழுக் கடிதமும். வரைபடத்தைப் பார்க்கிற எவருக்கும், நான்கு ரோலர் கதவும் குழியும் இருபதடி உயரமும் சேர்ந்தால் அது வாகனம் திருத்துகிற இடமாகத்தான் தெரியும். குடியிருப்பு வலயத்தில் வீட்டோடு சேர்ந்த துணைக் கட்டடம் ஒரு சங்கதி, வாகனத் திருத்தகம் முற்றிலும் வேறு சங்கதி. பின்னதற்கு நிலப் பயன்பாட்டு அனுமதி, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம், வியாபார அனுமதி என்று தனிப் பாதையே இருக்கிறது. சபையின் திட்டமிடல் குழுவில் இருப்பவர்கள் ஐயாவை நம்பவில்லை என்று சொல்ல முடியாது. அவர்களிடம் இருந்தது ஐயா அல்ல, தாள். அந்தத் தாள் திருத்தகம் என்று சொன்னது.

ஆகவே என்னுடைய முதல் வேலை வரைவதல்ல, விசாரிப்பது. இருபதடி எதற்கு என்று நேராகவே கேட்டேன். ரோசா பஸ் நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒன்பது அடி வரும், கூரையில் ஏசி இருந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும், பதினோரு அடிக் கதவு தாராளம். ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பின்னுக்கு ஒரு தட்டுப் போட்டு ரெண்டு அறை எடுத்தா, சீசனுக்கு வெள்ளைக்காரங்களுக்கு விடலாம் எண்டு..." என்று இழுத்தார்.

சரி, இங்கேதான் விஷயம். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை கிடைப்பது கஷ்டம், அந்தக் காசைப் பார்த்து ஆசைப்படாத காணிக்காரர் நம் ஊரில் குறைவு. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் கராஜ் என்று பிளான் போட்டு மேலே அறைக்கு உயரம் விட்டு வைத்தால், தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அது தெரியாமல் போகாது, அவர் ஒரு நாளைக்கு நூறு பிளான் பார்க்கிறவர். நான் ஐயாவிடம் சொன்னது இதுதான்: அறை வேண்டுமென்றால் அறை என்று போடுங்கள், விருந்தினர் விடுதி என்று அதற்குரிய வழியில் கேளுங்கள், மலசலகூடக் குழி எங்கே, தண்ணீர் எங்கிருந்து என்று எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். கராஜ் வேண்டுமென்றால் கராஜ் மட்டும். இரண்டையும் ஒரு கூரைக்குள் ஒளித்துக் கேட்டால் இரண்டும் கிடைக்காது. ஒரு கிழமை யோசித்துவிட்டு கராஜ் மட்டும் என்றார். இந்த ஒரு தீர்மானம் வந்த பிறகு கோப்பின் எடை பாதியாகக் குறைந்துவிட்டது.

இடையில் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற ஐயாவின் மகன் வட்ஸ்அப்பில் நுழைந்தார். அவர் அங்கே தன் வீட்டுக் கராஜைப் பெருப்பிக்கப் போய் ஒரு கூட்டத்தில் நின்று பேசியவர், ஆகவே அப்பாவுக்கும் அப்படியே செய்யச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதினார். அங்கே துணைக் கட்டடங்களுக்கு நகர உப விதியிலேயே அளவும் உயரமும் கட்டி வைத்திருக்கிறார்கள். மீற வேண்டுமென்றால் சிறு விலக்கு என்று விண்ணப்பித்து, சீராக்கல் குழு என்ற ஒன்றின் முன்னால் போக வேண்டும். அயலவர்களுக்கு அறிவித்தல் போகும், அவர்களும் வந்து பேசலாம். ஒன்ராறியோவின் திட்டமிடல் சட்டம் 45ஆம் பிரிவில் அந்தக் குழு பார்க்க வேண்டிய நான்கு விஷயங்களைச் சொல்கிறது: கேட்கிற விலக்கு சிறியதா, அந்தக் காணியின் பொருத்தமான பயன்பாட்டுக்கு அது விரும்பத்தக்கதா, உப விதியின் பொது நோக்கத்தோடு ஒத்துப் போகிறதா, நகரின் அதிகாரபூர்வத் திட்டத்தின் நோக்கத்தோடு ஒத்துப் போகிறதா.

நம்மிடம் அந்த வடிவில் ஒரு பொது விசாரணை இல்லை. இங்கே விண்ணப்பம் உள்ளூராட்சி சபைக்குப் போகிறது, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்கிறார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்கிறார், திட்டமிடல் குழு கூடித் தீர்மானிக்கிறது, விண்ணப்பதாரர் பொதுவாக அந்த மேசையில் இருப்பதில்லை. கனடா முறையை இங்கே நகல் எடுக்க முடியாது என்று மகனுக்குச் சொன்னேன். ஆனால் அந்த நான்கு கேள்வியும் எனக்குப் பிடித்துப் போயின, பொய் சொல்லவில்லை. கூட்டத்தில் நின்று பேச முடியாதென்றால் கடிதம்தான் பேச வேண்டும். விண்ணப்பத்தோடு வைத்த விளக்கக் கடிதத்தை ஏறக்குறைய அந்த ஒழுங்கில்தான் எழுதினேன்: ஏன் இந்த அளவு, ஏன் இந்தக் காணியில், சுற்றியிருக்கிற வீடுகளுக்கு என்ன மாறும், குடியிருப்புப் பகுதியின் தன்மை எப்படிக் கெடாமல் இருக்கும். ஒன்றரைப் பக்கம். அதற்கு மேல் எழுதினால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

அளவைக் குறைத்தது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காணிக்காரர் ஒருவரிடமிருந்து சதுர அடியைப் பிடுங்குவது பல் பிடுங்குகிற வேலை. 60க்கு 40 என்று கேட்டது, பின்னொரு நாள் பெரிய லேலண்ட் பஸ் வாங்கினால் நிறுத்தலாம் என்ற யோசனையில். வாங்குகிற எண்ணம் இப்போது இருக்கிறதா? இல்லை. லாண்ட்மாஸ்டர்? விற்கிறேன் என்றார் (விற்றும் விட்டார், அதிசயம்). மிச்சம் ரோசா, வேன், படகு. ரோசா 23 அடி நீளம், படகு ட்ரெய்லரின் கொளுவியோடு சேர்த்து ஏறக்குறைய அதே நீளம். முப்பது அடி ஆழம் இருந்தால் முன்னும் பின்னும் ஆள் நடக்கலாம், பின் சுவரோரம் ஒரு தட்டு ராக்கையும் வைக்கலாம். அகலத்துக்கு பஸ்ஸுக்குப் பதினான்கு, படகுக்குப் பதினான்கு, வேனுக்குப் பன்னிரண்டு, தூண்களுக்கும் சுவருக்கும் நான்கு. 44க்கு 30. கணக்குப் பார்த்தால் 1,320 சதுர அடி.

வீடு 1,350. கராஜ் வீட்டைவிட 30 சதுர அடி சின்னது. இது தற்செயலாக வந்ததல்ல, நான் இழுத்துக் கொண்டு வந்து நிறுத்திய எண். துணைக் கட்டடம் வீட்டைவிடச் சின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் வேலை செய்கிற ஒழுங்குவிதியில் வரி தேடிக் காட்ட முடியாது. ஆனால் குழுவில் ஒருவர், "வீட்டைவிடக் கராஜ் பெரிதாமே" என்று ஆரம்பித்தால் பேச்சு முழுக்க அதிலேயே சுற்றும். ஆரம்பிக்க இடம் கொடுக்காமல் இருப்பது நல்லது. ஐயாவுக்கு அந்த முப்பது சதுர அடி கொஞ்சம் மனவருத்தம்தான். மூடும் வீதம் 31க்கும் குறைவாக வந்து நின்றது. கூரை விளிம்பு 13 அடி, முகடு 17 அடி. ரோலர் கதவு மூன்று, அதில் ஒன்று மட்டும் பெரியது. குழியை எடுத்துவிட்டோம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு வருவோம். ஓய்வு பெற்ற ஆசிரியை, கிழக்கு எல்லையை ஒட்டி அவருடைய கிணறு. முதல் பிளான் காலத்தில் சபைக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்திருந்தார், அதில் தகரம் பறந்து வந்த கதையும் இருந்தது. அயலவரின் சம்மதம் சட்டத்தில் கட்டாயமில்லை, அது இல்லாமலும் பிளான் பாஸாகலாம். ஆனாலும் நான் ஐயாவைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன், ஐயா வாசலோடு நின்றுகொண்டார். அக்கா கேட்டது மூன்று விஷயம், மூன்றும் நியாயம். எண்ணெய் கிணற்றுக்கு வருமா? மழைத்தண்ணி என் பக்கம் விழுமா? விடியக்காலை பஸ் பின்னால் எடுக்கும்போது "பீப் பீப்" என்று கத்துகிறதே, அது இன்னும் கூடுமா?

அந்த மூன்றாவதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கதிர்காம ஹயர் என்றால் பஸ் விடியற்காலை மூன்றரைக்கே வெளிக்கிடும். கொட்டிலுக்குள் முன்பக்கமாக ஏற்றி விட்ட பஸ்ஸை ஒழுங்கை வரைக்கும் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும், அப்போதெல்லாம் அந்த அலாரம். அளவு, உயரம், மூடும் வீதம் என்று நாங்கள் எண்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்த ஒரே எண் மூன்றரை மணி.

தீர்வு காகிதத்தில் வரவில்லை, மணலில் வந்தது. கராஜின் மூலைகளுக்கு ஆப்பு அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டோம். கட்டடத்தை மேற்கு எல்லைக்கு நான்கு அடி விட்டுத் தள்ளினால் கிழக்கே, அக்காவின் பக்கம், 18 அடி வெட்டவெளி வருகிறது. வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவே 29 அடி. ஐயாவின் சாரதித் தம்பி பஸ்ஸை உண்மையாகவே கொண்டு வந்து, வீட்டின் பக்கத்தால் உள்ளே எடுத்து, அந்தப் பதினெட்டு அடிக்குள் மூக்கை விட்டு, பின்பக்கமாகச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஏற்றிப் பார்த்தார். முதல் தரம் பின் சில்லு கோட்டை மிதித்தது. கதவு வாயை ஒன்றரை அடி கிழக்கே நகர்த்திக் கோடு போட்டோம், பிறகு சரியாக வந்தது. ஆக, மாலையில் வரும்போதே உள்ளுக்குள் திருப்பிப் பின்பக்கமாக நிறுத்திவிடுவது, விடியற்காலை நேரே முன்னால் எடுத்துப் போவது. அலாரம் பின்னேரம் ஆறேழு மணிக்கு ஒரு நிமிடம் கேட்கும், அவ்வளவுதான். அக்கா மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். வரைபடத்தில் பஸ் திரும்புகிற பாதையைப் புள்ளிக் கோடாகப் போட்டேன், குழுவில் அது ஒரு கேள்வியையும் எழுப்பவில்லை.

தண்ணீர்க் கணக்கு இன்னும் சுவையானது. மாரி உச்சத்தில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் கொட்டுவது நமக்குப் புதுமையில்லை. முதலில் கேட்ட 2,400 சதுர அடிக் கூரையில் அப்படி ஒரு நாள் பெய்தால் விழுகிற தண்ணீர் ஏறக்குறைய 22,000 லீற்றர். பெரிய பவுசர் இரண்டு. அந்தக் கூரை ஒரே பக்கமாகச் சரிந்து கிழக்கு மதிலுக்கு மேலால் வடிவதாக முதல் பிளானில் இருந்தது, அக்கா வளவை நினைத்துப் பாருங்கள். புதிய கூரையில் 12,000 லீற்றர் சொச்சம் வரும், அது இரண்டு பக்கமாகச் சரிந்து, பீலி வழியாக இறங்கி, ஒரு பகுதி தொட்டிக்கும் மிச்சம் கிணற்றிலிருந்து தள்ளி வெட்டிய ஒரு ஊறல் கிடங்குக்கும் போகிறது. மணல் நிலம் என்பதால் கிடங்கு நன்றாகவே உறிஞ்சும். மழைநீர் சேகரிப்பு நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்துக்குள் 2007ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கத் திருத்தத்தோடு வந்துவிட்ட விஷயம், ஆகவே தொட்டியைக் காட்டுவது வீண் செலவல்ல, கோப்புக்கும் நல்லது, மரவள்ளிக்கும் நல்லது.

மணல் தண்ணீரை எவ்வளவு வேகமாகக் குடிக்கிறதோ எண்ணெயையும் அவ்வளவு வேகமாகக் குடிக்கும், நம் கரையோரக் கிணறுகள் ஆழமில்லாதவை. ஆகவே தரை முழுக்க கொங்கிறீற், உட்பக்கமாகச் சரிவு, நடுவில் ஒரு சின்னக் கானும் எண்ணெய் தங்குகிற தொட்டியும். பஸ்ஸை இங்கே கழுவுவதில்லை, சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவுவது, எண்ணெய் மாற்றுவதும் அங்கேயே. ஐயா இதை எழுத்தில் கொடுத்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தபோது கேட்ட முதல் கேள்வியே அதுதான், கடிதத்தைக் காட்டியதும் அடுத்ததற்குப் போய்விட்டார்.

கரையோரச் சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி சராசரி உயர் நீர்க் கோட்டிலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் என்ன கட்டினாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் பக்கமும் போக வேண்டும். நம் நகரத்தில் ஒரு பக்கம் பின்கடல், மறுபக்கம் உட்துறைமுகம், ஆகவே "எனக்குக் கடல் தூரம்" என்று நினைக்கிறவர்கள் மறுபக்கத்துக் கடலையும் அளக்க வேண்டும். இந்தக் காணி வலயத்துக்கு வெளியே நின்றது. நில அளவையாளரைக் கொண்டு அந்தத் தூரத்தைப் பிளானிலேயே குறிப்பித்தோம், கேள்வி வராமலே முடிந்தது. பிரதான வீதி ஓரமாக இருந்திருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட எல்லையும் வந்திருக்கும். ஒழுங்கை என்பதால் சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ் போதுமாக இருந்தது.

ஆவணங்களில் பெரிய சங்கடமில்லை: காணி உறுதி, நில அளவைப் படம், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, தகுதியுள்ளவரின் கையொப்பத்தோடு வரைபடப் பிரதிகள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவைப்பட்டது. பழைய தகரக் கொட்டில் எந்தப் பிளானிலும் இல்லை. அதை மறைத்து வரைந்தால் உத்தியோகத்தர் நேரில் வரும்போது அதைத்தான் முதலில் காண்பார். "அகற்றப்படவுள்ள தற்காலிகக் கொட்டில்" என்று சிவப்புக் கோட்டால் காட்டிவிட்டோம். கட்டின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஐயாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், அனுமதி இல்லாமலே தொடங்கினால் என்ன என்று கூட. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவைக் காட்டினேன்: பிரகடனப்படுத்தப்பட்ட பகுதியில் அனுமதியின்றிக் கட்டினால் நிறுத்தச் சொல்லி அறிவித்தல் வரும், கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் இடிப்பதற்கான கட்டளை வரை போகும். இரும்புக்கும் சீமெந்துக்கும் 2022க்குப் பிறகு என்ன விலை என்று தெரிந்தவர் யாரும் அந்தச் சூதாட்டத்துக்குப் போக மாட்டார்கள்.

திட்டமிடல் குழுவிலிருந்து அனுமதி வந்தது, நிபந்தனைகளோடு. கராஜ் வீட்டுப் பாவனை வாகனங்களையும் காணிக்காரரின் சொந்த வாகனங்களையும் நிறுத்துவதற்கு மட்டும், திருத்த வேலையோ வர்ணப் பூச்சோ கூடாது, கிழக்குச் சுவரில் திறப்பு எதுவும் கூடாது, மழைத்தண்ணீர் காணிக்குள்ளேயே முடிய வேண்டும். ஹயர் பஸ் ஒன்றை வீட்டு வளவில் நிறுத்துவது வியாபாரமா இல்லையா என்று ஒரு பேச்சு எழுந்ததாகக் கேள்விப்பட்டேன். பயணிகள் அங்கே ஏறுவதில்லை, பயணச்சீட்டு விற்பதில்லை, பலகை இல்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தது அங்கே கை கொடுத்தது. அப்படி எழுதியிருக்காவிட்டால் இன்னொரு விளக்கக் கடிதம், இன்னொரு கூட்டம்.

கட்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். தூணும் கூரைச் சட்டமும் கல்வனைஸ் இரும்பு என்று போட்டிருந்தோம், ஆனால் தளத்தில் வெல்டிங் அடித்த இடமெல்லாம் நாக (சிங்க்) பூச்சு எரிந்து போகும், அந்த விரல் நீளத் தையலில்தான் உப்புக்காற்று முதலில் கடிக்கும். இங்கே பல கராஜ்களில் தூண் புதிதுபோல் நிற்க, மூட்டில் மட்டும் கபில நிறமாக நீர் வழிந்த கோடு இருப்பதைக் காணலாம். ஒவ்வொரு மூட்டையும் கம்பித் தூரிகையால் உரசி, நாகம் கூடிய பூச்சு இரண்டு தரம் அடித்த பிறகுதான் தகரம் ஏற்ற விட்டேன். தகரத்துக்கு ஓரங்களில் கொளுக்கியை நெருக்கமாகப் போட்டோம். அதை அக்காவுக்கும் காட்டினோம்.

வேலை முடிந்த பிறகு இணக்கச் சான்றிதழ், ஊரில் சிஓசி என்று சொல்வது. பலர் பிளான் பாஸானதோடு நிறுத்திவிடுகிறார்கள். காணியை விற்கும்போதோ வங்கிக் கடனுக்குப் போகும்போதோதான் அது இல்லை என்று தெரியவரும். உத்தியோகத்தர் வந்து பின் இடைவெளியை நாடாவால் அளந்தார், எட்டு அடி இருந்தது, ஆறு அங்குலம் கூடுதலாக விட்டது அங்கே நிம்மதி. பீலிக் குழாய் எங்கே இறங்குகிறது என்று பின்னால் போய்ப் பார்த்தார், கிழக்குச் சுவரை ஒரு தரம் தடவிப் பார்த்தார், பழைய கொட்டில் நின்ற இடத்தில் வெறும் மணல் என்று குறித்துக்கொண்டார். சான்றிதழ் வந்துவிட்டது.

போன மாதம் ஐயா மறுபடி அழைத்தார். கராஜின் மேற்குப் பக்கம் விட்ட அந்த நான்கு அடியில் ஒரு சாய்ப்பு இறக்கினால் மோட்டார் சைக்கிள் இரண்டு நிற்கும் என்றார், அது சின்ன வேலைதானே, அதுக்கும் பிளான் வேணுமோ என்று கேட்டார். வேணும் என்றேன்.